124 கன அங்குல வி-ட்வின் தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா?

கேள்வி இதுதான்: உங்களிடம் 1998ஆம் ஆண்டின் ஹார்லி சாஃப்டெயில் இருக்கிறது. உள்ளே அசல் எவல்யூஷன் (சுருக்கமாக ‘எவோ’) இன்ஜின், 1,340 சி.சி. குடியிருப்பது அரிசோனாவின் ஃபீனிக்ஸில். அந்த இன்ஜினை இறக்கிவிட்டு 124 கன அங்குல வி-ட்வின், அதாவது ‘V’ வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட இன்ஜின் ஒன்றைக் கட்டி மாட்ட நினைக்கிறீர்கள். தினமும் அதில்தான் வேலைக்குப் போக வேண்டும். பின்சக்கரத்தில் 130 குதிரைத்திறனாவது வர வேண்டும். நடக்குமா?

இன்ஜினைக் கட்டலாம், தினமும் ஓட்டலாம். அந்த 130ஐ மட்டும் விட்டுக்கொடுங்கள். விஸ்கான்சினில் இந்த இன்ஜின்களைப் பிரித்துக் கோப்பதிலேயே எனக்கு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. உடைந்து வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கதைதான் சொல்லும்: கொள்ளளவைப் பெருக்கியவர் அதன் பிறகு அதை வேகமாகவும் சுற்ற ஆசைப்பட்டிருப்பார். சாலையில் ஓட்டுகிறவன் கன அங்குலத்துக்குக் காசு கொடுப்பதே இன்ஜினை மெதுவாகச் சுற்றத்தான்.

கணக்கு எளிது. அடி-பவுண்டில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுற்றால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் குதிரைத்திறன். 3,500 சுற்றில் 120 அடி-பவுண்டு கிடைத்தால் அது 80 குதிரைத்திறன். உங்கள் அசல் எவோ தன் உச்சத்தில்கூடப் பின்சக்கரத்துக்கு அவ்வளவு கொடுத்ததில்லை. ஒழுங்காகக் கட்டிய 124 இதைச் சிரமமில்லாமல் கொடுக்கும். ஆனால் 130 குதிரைத்திறன் வேண்டுமென்றால் 5,500 சுற்றிலும் 124 அடி-பவுண்டு நிற்க வேண்டும். அதற்குப் பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), பெரிய வால்வு, கெட்டியான வால்வு ஸ்பிரிங், உயர்ந்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கும் விகிதம்) எல்லாம் வேண்டும். அவை ஒவ்வொன்றும் உங்கள் காலை நேரப் போக்குவரத்து நெரிசலில் வட்டி கேட்கும்.

கொள்ளளவைப் பெருக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், காரியத்தோடு தொடர்பு உண்டு. பழைய ஹார்லி இன்ஜினான 74 கன அங்குல நக்கிள்ஹெட்டின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3 7/16 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3 31/32 அங்குலம். அதே காலத்து இன்னொரு ஹார்லி இன்ஜினான 80 கன அங்குல ஃபிளாட்ஹெட்டின் ஸ்ட்ரோக் 4 9/32 அங்குலம். ஸ்ட்ரோக்கைத் தீர்மானிப்பது ஃபிளைவீல், ஆகவே ஃபிளாட்ஹெட்டின் ஃபிளைவீலை எடுத்து நக்கிள்ஹெட்டுக்குள் வைத்தால் போரைத் தொடாமலே கொள்ளளவு கூடிவிடும். ‘ஸ்ட்ரோக்கர்’ என்ற சொல் இப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. ஜார்ஜ் ஸ்மித், ஸ்டான்லி ஸ்டான்கோஸ் என்ற இருவர் 1958இல் இல்லினாய் மாநிலத்தின் புளூ ஐலண்டில் எஸ் அண்ட் எஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1969இல் அது விஸ்கான்சினின் வியோலா என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. இன்று நீங்கள் கேட்கும் 124 அந்த நிறுவனம் பிரபலப்படுத்திய அளவுதான்: போர் 4 1/8 அங்குலம், ஸ்ட்ரோக் 4 5/8 அங்குலம். கணக்குப் போட்டால் 123.6 கன அங்குலம், இரண்டு லிட்டருக்குச் சற்று மேல்.

உங்கள் அசல் இன்ஜினின் ஸ்ட்ரோக் 4 1/4 அங்குலம், போர் ஏறக்குறைய 3 1/2. அதற்கும் 124க்கும் நடுவில் மூன்று நிறுத்தங்கள் உண்டு. போரை விட்டுவிட்டு ஸ்ட்ரோக்கை மட்டும் 4 5/8 ஆக்கினால் 89 கன அங்குலம். போரை 3 5/8 ஆக்கினால் 96. நாலு அங்குல போரும் நாலரை அங்குல ஸ்ட்ரோக்கும் சேர்ந்தால் 113. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

முதலில் கிராங்க், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. எல்லோரும் பிஸ்டன், கேம், கார்புரேட்டர் என்று மேலிருந்து பேசத் தொடங்குவார்கள். நான் அடியிலிருந்துதான் தொடங்குவேன். இந்த இன்ஜினில் இரண்டு கனெக்டிங் ராடுகளும் ஒரே கிராங்க் பின்னில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்று கவட்டை போலவும் மற்றது அந்தக் கவட்டைக்குள் நுழையும் கத்தி போலவும். சிலிண்டர்களுக்கு இடையே 45 பாகை. அதனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் 315 பாகை, பிறகு 405 பாகை என்று மாறிமாறி இடைவெளி விழும். அந்த நொண்டித் தாளம்தான் ஹார்லியின் சத்தம். அதே தாளம்தான் கிராங்க் பின்னை ஒவ்வொரு சுற்றிலும் சம்மட்டி போல அடிக்கிறது.

எவோவின் கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு ஃபிளைவீல்கள், நடுவில் கூம்பு முனை கொண்ட ஒரு பின், நட்டுப் போட்டு இறுக்கியது. இதை நேராக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்கள் இன்ஜின் கட்டப் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. கோத்த கிராங்கை இரண்டு சென்டர்களுக்கு நடுவே தொங்கவிடுவோம். இரு பக்கத் தண்டிலும் டயல் கேஜின் ஊசியை வைத்துக் கையால் மெல்லச் சுற்றுவோம். ஊசி எந்த இடத்தில் ஏறுகிறதோ அங்கே ஃபிளைவீலின் விளிம்பில் சாக்கட்டியால் ஒரு கோடு. கிராங்கை இறக்கி அந்தக் கோட்டுக்கு நேராகச் செம்புச் சுத்தியால் ஓங்கி ஓர் அடி. முதன்முதலில் பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும்: ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைத் தேடுகிறவன் இப்படியா அடிப்பான்? மறுபடி சென்டரில் ஏற்று, மறுபடி சுற்று, மறுபடி கோடு. சில கிராங்குகள் நாலு அடியில் வழிக்கு வரும். சில மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் முரண்டு பிடிக்கும். ஊசியின் மொத்த ஆட்டம் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்குள் அடங்கும்வரை நான் கேஸை, அதாவது கிராங்கைச் சுமக்கும் இன்ஜின் கூட்டை, மூட மாட்டேன்.

ஒருமுறை மூடினேன். வெளியிலிருந்து ‘நேராக்கப்பட்டது’ என்ற சீட்டோடு வந்த கிராங்க், வேலை குவிந்திருந்த வாரம், சீட்டை நம்பினேன். வண்டிக்காரர் மாதத்துக்குள் திரும்பி வந்தார். கால் மரத்துப்போகிறது, ஆயில் பம்ப் பக்கம் ஓர் இரைச்சல் என்றார். பிரித்து அளந்தால் பினியன் தண்டில் ஆயிரத்தில் ஆறு பங்கு. கியர்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. முழு வேலையையும் என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். அனுப்பியவர் தவறு செய்தார் என்பது உண்மை. அளக்காமல் விட்டது நான்.

ஒருவேளை எவோவுக்கு அடுத்து வந்த ட்வின் கேம் இன்ஜின் உள்ள வண்டி வாங்கி அதிலிருந்து தொடங்கலாமா என்று யோசித்தால் ஒரு செய்தி: அவற்றின் கிராங்க் அழுத்திப் பொருத்தப்பட்டது. பெரிய முறுக்குவிசை வரும்போது ஃபிளைவீல்கள் பின்னைச் சுற்றிக் கத்தரிக்கோல் போல நகர்ந்துவிடுவது அதன் அறிந்த நோய். அதனால்தான் கட்டுகிறவர்கள் பின்னின் முனைகளை வெல்டிங் செய்கிறார்கள். 2003 முதல் வந்தவற்றில் இடப்பக்க டிம்கன் பேரிங்கையும் (கூம்பு உருளைகள் கொண்டது) எடுத்துவிட்டு ரோலர் போட்டார்கள். கனமான இன்ஜின் கட்டுகிறவர் பலர் கூலி கொடுத்துப் பழைய டிம்கனுக்கே திரும்புகிறார்கள்.

அடுத்தது கேஸ். 4 1/8 அங்குல போருக்கு உங்கள் அசல் கேஸ் ஆகவே ஆகாது. சிலிண்டர் உட்காரும் வாயை அவ்வளவு கடைந்தால், சிலிண்டரைப் பிடிக்கும் ஸ்டட் துளைக்கும் வாய்க்கும் நடுவே உலோகம் மிஞ்சாது. அதற்கென்றே ஸ்டட்களை அகலத் தள்ளி வார்த்த கேஸ்கள் கிடைக்கின்றன. ஆக, 124 என்றால் உங்கள் இன்ஜினைப் பெரிதாக்குவது அல்ல, புதிய இன்ஜின் வாங்குவது. 89க்கு வாயைக் கடையவே வேண்டாம். 96க்குக் கடைய வேண்டும், ஆனால் நல்ல கேஸ் தாங்கும்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஒஹாயோவின் கொலம்பஸில் அனிகேத் வர்தன் என்பவர் ‘மஸ்கெட்’ என்ற வி-ட்வினை உருவாக்கினார். சென்னையில் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் 350 சி.சி. சிலிண்டரும் ஹெட்டும் இரண்டு ஜோடி எடுத்து, 700 சி.சி. இன்ஜின் செய்தார். மேல்பகுதி கடையில் கிடைத்துவிட்டது. அவர் வரைந்து, அச்சு செய்து, வார்த்தெடுத்ததெல்லாம் கீழ்ப்பகுதியைத்தான். எந்த வி-ட்வினிலும் உழைப்பு அங்கேதான் போகிறது.

உங்கள் வண்டியில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. 1998 சாஃப்டெயிலில் இன்ஜின் வண்டியின் சட்டத்தோடு (ஃபிரேம்) நேரடியாக இறுக்கப்பட்டிருக்கிறது. ஹார்லியின் டைனாவிலும் டூரிங் வண்டிகளிலும் நடுவே ரப்பர் இருக்கும். 2000இல் வந்த ட்வின் கேம் சாஃப்டெயிலில் அதிர்வைக் கொல்லச் சமநிலைத் தண்டுகள் வைத்தார்கள். உங்களுடையதில் இரண்டும் இல்லை. மேலும் கீழும் ஓடும் எடையில் ஒரு பங்கை மட்டுமே ஃபிளைவீலில் ஈடுகட்ட முடியும், பெரும்பாலும் 60 சதவீதம் என்று வைப்பார்கள். மீதி உங்கள் கைக்கும் காலுக்கும் பல்லுக்கும் வரும். அந்த விசை பிஸ்டனின் எடை, ஸ்ட்ரோக், சுற்றின் வர்க்கம் மூன்றையும் பெருக்கியது. 4 1/4இலிருந்து 4 5/8க்குப் போனாலே ஒன்பது சதவீதம் கூடுகிறது, அதன்மேல் பெரிய பிஸ்டனின் எடை. மாறாக, உச்சச் சுற்றை 5,500இலிருந்து 5,000 ஆகக் குறைத்தால் பதினேழு சதவீதம் குறைந்துவிடும். மெதுவாகச் சுற்று என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான். ரப்பர் இல்லாத சட்டத்தில் 124ஐ நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா காரா என்று தெரியவில்லை.

நீண்ட ஸ்ட்ரோக்குக்கு இன்னொரு விலையும் உண்டு. எவோவின் ராட் நீளம் 7.44 அங்குலம். அசல் ஸ்ட்ரோக்கில் ராடுக்கும் ஸ்ட்ரோக்குக்குமான விகிதம் 1.75, 4 5/8இல் 1.61. ராட் அதிகம் சாய்கிறது, பிஸ்டன் சுவரை அதிகம் தேய்க்கிறது. ஆகவே சிலிண்டர் வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹோனிங் (கல்லால் உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) செய்யும்போது மேலும் கீழும் கெட்டியான தகடுகளை வைத்து, ஹெட் மாட்டும் அதே இறுக்கத்தில் போல்ட்டை முறுக்கிய பிறகே கல்லை உள்ளே விட வேண்டும். அலுமினிய சிலிண்டர் இறுக்கும்போது வடிவம் மாறும். இறுக்காமல் வட்டமாக்கியது, இறுக்கியபின் வட்டமாக இருக்காது. பிஸ்டன் ஃபோர்ஜ் செய்ததாக, அதாவது வார்க்காமல் அழுத்தி உருவாக்கியதாக இருக்கட்டும். அதில் 4032 என்ற கலவை சிலிக்கான் மிகுந்தது, சூட்டில் குறைவாக விரியும், இடைவெளியை நெருக்கமாக வைக்கலாம், காலைக் குளிரில் சத்தம் போடாது. 2618 இன்னும் முரட்டுத்தனமானது, பந்தயத்துக்கு ஏற்றது. வேலைக்குப் போகிறவருக்கு நான் 4032தான் போடுவேன்.

இனி கம்ப்ரஷன். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், காரணம் பெட்டியில் அச்சிட்ட எண். பத்துக்கு ஒன்று என்று போட்டிருந்தால் இன்ஜின் உண்மையில் அந்த அளவு அமுக்குவதில்லை. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உள்வழி வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். அது மூடிய பிறகுதான் அமுக்கம் தொடங்கும். 4 5/8 ஸ்ட்ரோக், 7.44 ராட், பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு நான் கணக்கிட்டது: வால்வு கீழ்முனைக்குப் பின் 30 பாகையில் மூடினால் உண்மை விகிதம் சுமார் 9.6. 50 பாகையில் மூடினால் 8.8. ஒரே பிஸ்டன், ஒரே ஹெட், கேம் மட்டும் வேறு. அதனால் கேமைத் தேர்ந்தெடுத்த பிறகே பிஸ்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய கேமும் தாழ்ந்த கம்ப்ரஷனும் சேர்ந்தால் 3,000 சுற்றுக்குக் கீழே வண்டி செத்துக் கிடக்கும். சின்ன கேமும் உயர்ந்த கம்ப்ரஷனும் சேர்ந்தால் ஃபீனிக்ஸ் வெயிலில், கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்ஜின் சூடாக இருக்கையில் திராட்டிலை முழுதும் திறந்து, கம்ப்ரஷன் கேஜை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். 180 பி.எஸ்.ஐ. சுற்றி நின்றால் உங்கள் ஊருக்கு நல்லது. 200ஐத் தொட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பெட்ரோல் பற்றி ஒரு குறிப்பு, இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்காக. அமெரிக்க பங்கில் எழுதியிருக்கும் 91 ஆக்டேனும் நம் ஊர்க் கணக்கின் 91 ஆக்டேனும் ஒன்றல்ல. அமெரிக்காவில் இரண்டு அளவீட்டு முறைகளின் சராசரியைப் போடுகிறார்கள், இந்தியாவில் அவற்றில் பெரிதாக வரும் எண்ணை. அமெரிக்க 91 நம் கணக்கில் 95ஐ ஒட்டி வரும். அமெரிக்கச் செய்முறையை அப்படியே பின்பற்றி நம் ஊர்க் கணக்கின் 91ஐ ஊற்றினால் பிஸ்டனில் ஓட்டை விழலாம்.

ஹெட்டை மாட்டும் முன் இரண்டு சோதனைகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பிஸ்டனின் தட்டை விளிம்பில் ஈயக்கம்பித் துண்டு ஒன்றை ஒட்டி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி ஒரு சுற்றுச் சுற்றினால் கம்பி நசுங்கும். அதை மைக்ரோமீட்டரில் அளந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி தெரியும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் எரிதல் சுத்தமாக இருக்கும், நாக்கிங்கும் குறையும். இரண்டாவது, குழந்தைகள் விளையாடும் களிமண். பிஸ்டனின் வால்வுப் பள்ளத்தில் அதை அப்பி, எண்ணெய் தடவி, கேமோடு இரண்டு சுற்றுச் சுற்றிப் பிரித்தால் வால்வின் தடம் பதிந்திருக்கும். கத்தியால் குறுக்கே வெட்டி மெலிந்த இடத்தை அளக்கலாம். உள்வழியில் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான் விட மாட்டேன், வெளிவழியில் இன்னும் அரை மில்லிமீட்டர் கூட வேண்டும்.

கார்புரேட்டர், சைலன்சர் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 96க்கு எஸ் அண்ட் எஸ் சூப்பர் இ போதும், அதன் வாய் 1 7/8 அங்குலம். 124க்கு 2 1/16 அங்குல சூப்பர் ஜி. ஓட்டச் சுகத்துக்கு எனக்குப் பிடித்தது மிக்குனியின் எச்.எஸ்.ஆர். 42. இரண்டு நேர்க்குழாய்களைப் பின்னால் நீட்டுவது பார்க்க அழகு, ஆனால் நீங்கள் நாள் முழுதும் ஓட்டப்போகும் நடுச்சுற்றில் இழுவையைத் தின்றுவிடும். இரண்டும் ஒன்றாகச் சேரும் குழாய் வாங்குங்கள். அரசின் சட்டத்தையும் பாருங்கள்: மாசுக் கட்டுப்பாட்டில் கை வைப்பதை அமெரிக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2016இல் ஹார்லி நிறுவனமே டியூனிங் கருவிகள் விற்ற விவகாரத்தில் 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

வெப்பத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது, பெரிய இன்ஜின் எப்போதும் அதிகம் கொதிக்கும் என்று. சீரான வேகத்தில் போகும்போது காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி இரண்டுக்கும் ஒன்றுதான், எரியும் பெட்ரோலிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சிக்னலில் நிற்கும்போதுதான் பெரிய இன்ஜின் தன் வேலையைக் காட்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் குடித்து அதிகம் உரசிக்கொண்டு, காற்றே இல்லாமல் நிற்கிறது. பின் சிலிண்டருக்கு முன் சிலிண்டரின் மறைவு வேறு. ஃபீனிக்ஸில் விசிறி வைத்த ஆயில் கூலர் இல்லாமல் 124ஐ ஓட்டாதீர்கள். ஐடிலை 950 சுற்றுக்குக் கீழே இறக்காதீர்கள். அந்த நின்று நின்று அடிக்கும் 600 சுற்றுச் சத்தத்தை ஊரே ரசிக்கும், ஆனால் சூடான ஆயில் அப்போது மேலே ஏறாது.

இரண்டு பிஸ்டன்களும் ஏறக்குறைய ஒன்றாகவே கீழே வருவதால் கேஸுக்குள் இருக்கும் காற்று ஒவ்வொரு சுற்றிலும் வெளியே துடிக்கும். உங்கள் ஆண்டு எவோ அதை ஹெட் வழியாகவே விடுகிறது. கொள்ளளவு கூடும்போது ஏர் ஃபில்டரில் ஆயில் சொட்டத் தொடங்கும். அந்தக் காற்றை வெளியேற்றும் பிரீதர் வேலையை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அதோடு கம்ப்ரஷன் ரிலீஸ் வால்வு, பலமான ஸ்டார்ட்டர், கெட்டியான கிளட்ச் ஸ்பிரிங் ஆகியவையும் வரும். அசல் ஐந்து கியர் பெட்டி 124ஐ நெடுநாள் மன்னிக்காது.

இப்போது அந்த மூன்று நிறுத்தங்கள். ரப்பர் இல்லாத சட்டம், பாலைவன வெயில், தினசரி ஓட்டம் என்ற மூன்றையும் வைத்துப் பார்த்தால் நான் உங்களுக்குக் கட்டிக் கொடுப்பது 96 தான். உங்கள் கேஸ் நன்றாக இருந்தால் அதையே கடைந்து, 4 5/8 ஃபிளைவீல், 4032 பிஸ்டன், 35 பாகையை ஒட்டி மூடும் கேம், அதற்கேற்ற கம்ப்ரஷன். பின்சக்கரப் புல்லியை மாற்றி இன்னும் மெதுவாகச் சுற்றவிடலாம். 113 வேண்டுமென்றால் வெளியில் வார்த்த கேஸ் வாங்கிக் கட்டுங்கள், அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. 124தான் என்று மனம் பிடிவாதமாக இருந்தால் இந்தச் சாஃப்டெயிலை அப்படியே விட்டுவிட்டு, ரப்பர் வைத்த சட்டம் ஒன்றை அதற்கென்று தேடுங்கள்.

எதைக் கட்டினாலும் முதல் நாள் ஓட்டத்தை நீங்களே செய்யுங்கள். ஸ்டார்ட் செய்து, சிலிண்டரைக் கையால் தொட முடியாத சூடு வந்ததும் நிறுத்தி, முழுக்க ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு ஊருக்கு வெளியே போய், ஒரே வேகத்தில் நிற்காமல் ஏற்றி இறக்கி ஐம்பது மைல். திரும்பி வந்ததும் ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டிப் பிரித்துக் காகித மடிப்புகளை வெள்ளைத் துணிமேல் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிற மினுமினுப்பு இருந்தால் அது புது ரிங் உட்காரும் தூள், கவலை வேண்டாம். காந்தத்தில் ஒட்டும் செதில் ஒன்றாவது இருந்தால் சாவியைத் தொடாமல் எனக்கு எழுதுங்கள்.